திருடர்களின் முகதாட்சண்யம்

1955 டிசம்பரில் வெளிவந்த ‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தில் ஐந்து பேர் சாகிறார்கள். ஆயினும் அது நகைச்சுவைப் படம். ஈலிங் ஸ்டூடியோவின் புகழ்பெற்ற நகைச்சுவை வரிசையில் கடைசியாக நின்ற பெரிய படமும் அதுவே. அந்த ஆண்டிலேயே ஸ்டூடியோ வளாகம் பிபிசியின் கைக்குப் போய்விட்டது. இயக்கம் அலெக்சாண்டர் மெக்கண்ட்ரிக், திரைக்கதை வில்லியம் ரோஸ். லண்டனில் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தை ஒட்டி, போர்க்காலக் குண்டுவீச்சில் ஒருபக்கம் சாய்ந்துபோன ஒரு வீடு. அதில் கடலில் கணவனை இழந்த வில்பர்ஃபோர்ஸ் என்னும் மூதாட்டி தம் கிளிகளோடு வாழ்கிறார். பேராசிரியர் மார்கஸ் என்பவர் மாடியறையை வாடகைக்கு எடுக்கிறார். தம்மையும் தம் நண்பர் நால்வரையும் இசைக்குழுவினர் என்று சொல்லிக்கொள்கிறார். கிராமஃபோனில் பொக்கரினியின் மினுவெட் சுழன்றுகொண்டிருக்க, உள்ளே அறுபதாயிரம் பவுண்டுக் கொள்ளைக்குத் திட்டம் தயாராகிறது.

இப்படத்தைக் கோடை விடுமுறையின் ஒரு மாலையில், ஹைதராபாதிலுள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் ஆசிரியர் குடியிருப்பில், ஏழு குழந்தைகள் பார்த்தார்கள். வயது ஆறு முதல் பன்னிரண்டு வரை. வீட்டுமொழிகள் தெலுங்கு, மலையாளம், ஒடியா, தமிழ். மைதானத்தில் எல்லோரையும் இணைப்பது ஹைதராபாத் இந்தி. ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’ என்று சொல்லும் இந்தி. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று முதலில் போடப்பட்டு, இரண்டாம் நிமிடத்திலேயே ஏழு குரல்களில் ‘நக்கோ’ எழுந்ததால்தான் வண்ணப்படமான இது உள்ளே வந்தது. தேர்வில் வேறெந்தக் கல்வி நோக்கமும் இல்லை.

ஏழு பேரும் ஆங்கிலவழிப் பள்ளியில் படிப்பவர்கள். எனினும் 1955இன் லண்டன் ஆங்கிலம் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. ஆங்கில வசனவரிகள் திரையின் அடியில் ஓடின. அவற்றின் வேகத்துக்கு இருவர் மட்டுமே ஈடுகொடுத்தனர். ஆகவே தமிழ் வீட்டைச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுமி, யாரும் கேட்காமலே, மொழிபெயர்ப்பாளராகிவிட்டாள். வரியைப் படித்து அந்தக் கணமே இந்தியில் சொன்னாள். இரண்டு வாக்கியம் பின்தங்கினால் மூன்றாவதோடு சேர்த்துச் சுருக்கினாள். பயிற்சி பெற்ற உடனடி மொழிபெயர்ப்பாளர்களும் செய்வது அதைத்தான்.

அவளுக்கு முதலில் குறுக்கே நின்ற சொல் ‘யூ’. ஆங்கிலத்தில் அது ஒன்றே ஒன்று. இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என மூன்று. தமிழிலும் நீ, நீங்கள் என்று பிரிந்தே தீரவேண்டும். ஒவ்வொரு வரியிலும் யார் யாரிடம் பேசுகிறார், எந்த உயரத்திலிருந்து பேசுகிறார் என்று தீர்மானிக்காமல் வாயைத் திறக்க முடியாது. படத்தின் ஆங்கிலத்தில் இந்த வேலையை உச்சரிப்புகள் செய்கின்றன. மேஜராக வரும் சிசில் பார்க்கரின் மேட்டுக்குடி இழுவை, ஹாரியாக வரும் இளம் பீட்டர் செல்லர்ஸின் தெருப்பையன் பேச்சு, செக் நாட்டில் பிறந்த ஹெர்பர்ட் லோம் பேசும் லூயியின் அந்நிய இறுக்கம், ‘ஒன்-ரவுண்ட்’ என்னும் முன்னாள் குத்துச்சண்டைக்காரனின் தடுமாற்றம் — பிரிட்டன் பார்வையாளர் வாய் திறந்த மறுகணமே இவர்களின் வர்க்கத்தை அறிந்துவிடுவார். ஹைதராபாதில் அவ்வளவும் காற்றில் போயிற்று. அந்த இடத்தைச் சிறுமி முன்னிலைச் சொற்களால் நிரப்பினாள். திருடர்கள் தங்களுக்குள் ‘தூ’. மூதாட்டியிடம் ‘ஆப்’. இந்தப் பகுப்பை அவள் யோசித்து வகுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒருமுறைகூடத் தவறவில்லை.

இதன் விளைவு எதிர்பாராதது. மாடியறைக் கதவு தட்டப்படுகிறது. தேநீர் வேண்டுமா என்று கேட்க மூதாட்டி வந்திருக்கிறார். உள்ளே ஐவரும் ஓடி வயலினையும் செல்லோவையும் கையில் எடுக்கிறார்கள். அந்த நொடியில் சிறுமியின் வாயிலிருந்து ‘தூ’ மறைந்து ‘ஆப்’ புறப்பட்டது. குழந்தைகள் சிரித்தது பெரும்பாலும் வாத்தியங்களைக் கண்டல்ல, இந்த மாற்றத்தைக் கேட்டு. ஆசிரியர் வகுப்பில் நுழையும்போது தங்கள் வாயில் நிகழ்வதும் இதுதான் என்பதை அவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். நான்காம் முறை கதவு தட்டப்பட்டபோது, ஒடியா வீட்டுப் பையன் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் தானே ‘ஆப்! ஆப்!’ என்று கூவி எச்சரித்தான்.

மொழியியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நூல் நினைவுக்கு வராமல் போகாது. பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதிய மரியாதைக் கோட்பாடு 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் தனி நூலாகவும் வந்தது. ஆங்கிலம், மெக்சிகோவின் த்ஸெல்தால், தமிழ் ஆகிய மூன்றுமே அதன் முதன்மைத் தரவுகள். தமிழ்த் தரவு கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமமொன்றில் திரட்டப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ‘முகம்’ என ஒன்று உண்டு, பேச்சு அதைக் காக்கவோ குலைக்கவோ செய்கிறது என்பது அவர்களின் அடிப்படை. தமிழில் இதற்குக் கோட்பாட்டு நூல் வேண்டியதில்லை. முகம் கொடுத்துப் பேசுகிறோம், முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறோம், முகத்தை முறித்துக்கொள்கிறோம். அதற்கும் மேலே முகதாட்சண்யம் என்று ஒரு சொல் இருக்கிறது. எதிரே நிற்பவரின் முகத்துக்காக, விருப்பமில்லாத ஒன்றைச் செய்ய நேர்வது. ‘லேடிகில்லர்ஸ்’ திருடர்களின் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஆங்கிலத்தில் இல்லை என்றே தோன்றுகிறது. வேடத்துக்காக மரியாதையை அணிந்துகொண்டார்கள். பிறகு அதைக் கழற்ற முடியவில்லை.

பெரியவர்கள் இப்படத்தைப் போருக்குப் பிந்தைய பிரிட்டனின் உருவகமாகப் பார்ப்பது வழக்கம். சாய்ந்த வீடு, பழைய அரசியின் காலத்திலேயே நின்றுவிட்ட மூதாட்டி, அவரை அசைக்க முடியாமல் அழியும் புதியவர்கள். தவறான வாசிப்பு அல்ல. ஆனால் குழந்தைகளுக்கு அது தேவைப்படவில்லை. அவர்கள் பார்த்தது தங்கள் கதையை. இதற்குப் படத்தின் நடுவிலுள்ள தேநீர்க் காட்சியே சான்று.

கொள்ளை முடிந்து ஐவரும் விடைபெறுகிறார்கள். செல்லோப் பெட்டியின் வார் வாசற்கதவில் மாட்டிக்கொள்ள, ஒன்-ரவுண்ட் பிடித்து இழுக்க, பெட்டி திறந்து நோட்டுகள் தெருவில் கொட்டுகின்றன. மூதாட்டி பார்த்துவிடுகிறார். அதே வேளையில் அவருடைய தோழியர் கூட்டமொன்று தேநீருக்கு வந்து இறங்குகிறது. விருந்தினர் இருக்கும்வரையாவது ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று மூதாட்டி திருடர்களை அதட்டுகிறார். வண்டியில் ஏறித் தப்பிக்கவேண்டிய ஐந்து முரடர்கள், கையில் கோப்பையும் தட்டும் ஏந்தி, பாட்டிமார் நடுவே நெளிந்துகொண்டு நிற்கிறார்கள். இறுதியில் பியானோலாவைச் சுற்றி நின்று பாடவும் செய்கிறார்கள்.

பெரியவர்களுக்கு இது நல்ல நகைச்சுவைக் காட்சி. அந்த ஏழு பேருக்கோ இது ஆவணப்படம். விருந்தினர் வந்தால் உள்ளறையிலிருந்து இழுத்து வரப்படுவது, எந்த வகுப்பு என்ற கேள்விக்கு நூறாவது முறை பதில் சொல்வது, கன்னத்தைக் கிள்ளக் கொடுப்பது, ‘ஒரு பாட்டுப் பாடேன்’ என்ற ஆணைக்குச் சுவரைப் பார்த்தபடி பாடித் தொலைப்பது — அவர்களின் வாழ்வில் இதைவிடப் பெரிய அடக்குமுறை வேறில்லை. கர்நாடக இசை கற்கும் ஒன்பது வயதுத் தெலுங்குச் சிறுமி தரையில் புரண்டு சிரித்தாள். அந்த வேளை பார்த்து வீட்டுக்காரப் பெண்மணி எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தார். ஏழு குழந்தைகளும் எழுந்து முதுகை நிமிர்த்தி, ‘தேங்க்யூ ஆன்ட்டி’ என்று ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் தாங்கள் செய்தது தங்களுக்கே உறைத்தது. படத்தைச் சில நிமிடம் நிறுத்திவைக்க நேர்ந்தது.

இது வெறும் தற்செயல் என்று ஒதுக்க இயலாது. மெக்கண்ட்ரிக்கின் படங்களில் குழந்தைகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 1952இன் ‘மேண்டி’ காதுகேளாத சிறுமியின் கதை. 1963இன் ‘சாமி கோயிங் சவுத்’ ஆப்பிரிக்காவைத் தெற்கு நோக்கிக் கடக்கும் அநாதைச் சிறுவனின் கதை. 1965இன் ‘எ ஹை விண்ட் இன் ஜமைக்கா’வில் கொள்ளையரின் கப்பலில் குழந்தைகள் அகப்படுகிறார்கள், அழிவதோ கொள்ளையர்கள். தான் செய்வதன் கனம் அறியாத ஒருவர், எல்லாம் அறிந்த தீயவர்களைக் கவிழ்ப்பது அவருக்குப் பிடித்த அமைப்பு. ‘லேடிகில்லர்ஸ்’ படத்தில் அந்த இடத்தில் மூதாட்டி இருக்கிறார். ஆனால் அதட்டப்பட்டு வரிசையில் நிற்கும் குழந்தைகளின் இடத்தில் திருடர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்பதே சரி. எழுபத்தாறு வயதில் அப்பாத்திரத்தை ஏற்று, பிரிட்டிஷ் அகாதமியின் சிறந்த நடிகை விருதைப் பெற்ற கேட்டி ஜான்சனை அவர்கள் நேசித்தார்கள். அவரிடம் அகப்பட்டவர்களுக்காக இரங்கவும் செய்தார்கள்.

கிளியைத் துரத்திக் கூரையேறும் பகுதி வழக்கம்போல் வெற்றி. அலெக் கின்னஸின் நீண்ட கழுத்துத்துணி மிதிபடும்போதெல்லாம் சிரிப்பு. அதுபற்றி விரிக்க ஒன்றுமில்லை.

படத்தின் கடைசி அரைமணி நேரம் வேறு. மூதாட்டியைக் கொல்வதென்று முடிவாகிறது; யார் கொல்வது என்று தீக்குச்சிகளில் சீட்டு எடுக்கிறார்கள். மூதாட்டி அந்த அறையில் இல்லை. சிறுமி மொழிபெயர்த்துக்கொண்டே போனாள். ‘அவரை’ என்பதற்கு முன்போலவே மரியாதைப் பன்மை. அப்போது ஆறு வயதுப் பையன், மலையாள வீட்டு அண்ணன் தம்பியருள் இளையவன், படம் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டான். கொல்லப் போகிறவர்கள் ஏன் அப்படி மரியாதையாகப் பேசுகிறார்கள்? அவர்தான் அங்கே இல்லையே?

சிறுமி திகைத்தாள். மூலத்தில் அந்த மரியாதை இல்லை. ‘ஷீ’ என்று மட்டுமே இருக்கிறது. சேர்த்தவள் அவள். அவளால் ஒரு பாட்டியை ஒருமையில் சொல்ல முடியவில்லை, திருடனின் வாயால்கூட. மொழிபெயர்ப்பாளரின் வளர்ப்பு மூலத்துக்குள் புகுந்துவிட்ட இடம் அது. பாடநூல் இதைப் பிழை என்று குறிக்கும். ஆயினும் படத்தின் உட்கருத்துக்கு அதைவிட நெருக்கமான மொழிபெயர்ப்பைக் காண்பது அரிது. அவர்களில் ஒருவராலும் அவரைக் கொல்ல முடியாமற்போவது அந்தப் பன்மையால்தான். சீட்டு விழுந்த மேஜர் பணத்தோடு கூரை வழியே தப்பப் பார்த்து விழுந்து சாகிறார். அடுத்தவனும் கொல்வதற்குப் பதில் பணத்தோடு நழுவப் பார்க்கிறான். முகத்துக்கு நேரே செய்யத் துணியாததால் ஒருவரையொருவர் முதுகுக்குப் பின்னால் முடிக்கிறார்கள். மூதாட்டி நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கிறார்.

வில்பர்ஃபோர்ஸ் வீட்டின் பின்புறம் ரயில்பாதை. இறந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே செல்லும் சரக்கு வண்டியில் விழுகிறார்கள். வெண்புகை எழுந்து மூடிவிடுகிறது. இரத்தமில்லை, பிணத்தின் முகமில்லை. சிறுமிக்கு இங்கே ஒரு வழி கிடைத்தது. மேஜரைப் பற்றி அவள் சொன்னது: ரயிலில் போய்விட்டார். ஹாரியும் ரயிலில் போய்விட்டான். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியும், குரல் தணிந்துவிட்டது. மூத்தவர்களுக்கும் தெரியும், யாரும் மறுக்கவில்லை. இயக்குநர் புகையால் செய்ததை அவள் ஒரு வினைச்சொல்லால் செய்தாள் என்று சொன்னால் மிகையாகாது. ஆறு வயதுப் பையன் மட்டும் அமைதியாக, போனவர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

சிக்கல் ஒன்-ரவுண்டால் வந்தது. ஐவரில் மந்த புத்திக்காரன் அவன். மூதாட்டியின் பெயர்கூட அவன் நாவில் சரியாக வராது. ஆனால் அவருக்குத் தீங்கு செய்ய விடமாட்டேன் என்று நின்றவன் அவன் ஒருவனே. அவன் மூதாட்டியை அழைப்பதைச் சிறுமி ‘நானி’ என்று மாற்றியிருந்தாள். அதனால் அவன் குழந்தைகளின் உறவினனாகவே ஆகிவிட்டான். அவனும் கொல்லப்பட்டுப் புகைக்குள் விழுந்தபோது, ‘ரயிலில் போய்விட்டான்’ என்று சொல்ல அவளுக்குக் குரல் எழவில்லை. அந்த இடைவெளியில் பத்து வயது அண்ணன் உண்மையைச் சொல்லிவிட்டான். அவன் செத்துவிட்டான், எல்லோரும் செத்துத்தான் போனார்கள், ரயில் ஏறியதெல்லாம் சும்மா. தம்பி அழத் தொடங்கினான். ஒருவனுக்காக மட்டுமல்ல, இதுவரை போனவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து, கணக்கைத் திருத்தி அழுதான்.

பியாஜே 1932இல் வெளியிட்ட குழந்தைகளின் அறவுணர்வு பற்றிய நூலில் புகழ்பெற்ற கோப்பைக் கதை உண்டு. தெரியாமல் கதவைத் திறந்து பதினைந்து கோப்பைகளை உடைத்த பையன், பழப்பாகைத் திருட்டுத்தனமாக எடுக்கப்போய் ஒன்றை உடைத்த பையன். யார் அதிகக் குற்றவாளி? சிறு வயதினர் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், வளர்ந்தவர்கள் நோக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. அந்த அறையில் நடந்தது இதற்கு நேரெதிர். ஒன்-ரவுண்டும் ஒருவனைக் கொன்றவன்தானே என்று கணக்குப் பேசியவன் பத்து வயதுக்காரன். ‘நானியை அடித்தான் என்று நினைத்துத்தானே கொன்றான்’ என்று தேம்பலுக்கிடையே நோக்கத்தை எடுத்துவைத்தவன் ஆறு வயதுக்காரன். ஒரு மாலையின் ஏழு குழந்தைகளைக் கொண்டு பியாஜேயை மறுக்கமுடியாதுதான். கோப்பைக் கதையில் யாரும் யாரையும் நேசிக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

எஞ்சிய இருவரும் போனபின், மூதாட்டி பணத்தை ஒப்படைக்கக் காவல் நிலையம் போகிறார். முன்பொருமுறை தோழி கண்ட பறக்கும் தட்டைப் பற்றிப் புகார் சொல்லப் போனவர் என்பதால் ஒருவரும் நம்பவில்லை. பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தபடி அனுப்பிவைக்கிறார்கள். கிளம்பும்போது நடைபாதை ஓவியருக்கு ஒரு பெரிய நோட்டைப் போட்டுவிட்டுப் போகிறார். அந்தப் பணம் யாருடையது, பாட்டியும் திருடியாகிவிட்டாரா என்று பெரியதோர் அறவிவாதம் எழும் என்று வீட்டுக்காரர்கள் எதிர்பார்த்திருக்கலாம். எழவில்லை. குழந்தைகள் பொறுத்துக்கொள்ளாதது வேறொன்று. அவர் உண்மையைத்தான் சொன்னார், மிகவும் மரியாதையாகச் சொன்னார், பின் ஏன் நம்பவில்லை? திருடர்களின் ‘ஆப்’ புக்கு நெளிந்து கொடுத்தவர்கள், காவலர்களின் ‘ஆப்’ புக்குக் கொதித்தார்கள். பேசுபவரைத் தள்ளிவைப்பதற்கும் அதே சொல் பயன்படும் என்பதை, குழந்தை சொல்வதைப் பெரியவர்கள் தலையாட்டிக் கேட்கும் விதத்திலிருந்து அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள்.

மறுநாள் மாலை மைதானத்தில் ஆறு வயதுப் பையன் சிறுமியைத் தேடிவந்து, அந்தச் சரக்கு வண்டி எங்கே போகும் என்று கேட்டான். அவள் வீட்டுக்குப் போய் நிலப்படப் புத்தகத்தை எடுத்துவந்தாள். கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே விரலை ஓட்டி யார்க், நியூகாசில், எடின்பரோ என்று காட்டினாள். யார்க்கில் நிற்குமா என்று கேட்டான். சரக்கு வண்டி எல்லா ஊரிலும் நிற்காது என்றாள். இம்முறை பொய் சொல்ல அவள் விரும்பவில்லை போலும். அவன் சற்று யோசித்தான். ஒன்-ரவுண்ட் ஓட்டுநரிடம் ‘ஆப்’ என்று கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பார் என்றான்.

அருகில் நின்ற அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டான்.